நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுங்கள்: புதுச்சேரியில் சினிமா, இசை, ஓவியம்

பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது 1889 இல். பாரதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததற்கு 19 ஆண்டுகள் முன்பு. அத்தனை பழைய அமைப்பு இன்றும் சுஃப்ரேன் வீதியில் இயங்குகிறது. படம் போடுகிறது, கச்சேரி நடத்துகிறது, கண்காட்சி வைக்கிறது. ஆனாலும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தலைமுறைகளாகக் குடியிருக்கும் பல குடும்பங்கள் அதன் வாசலை மிதித்ததில்லை. கேட்டால் மூன்று பதில்கள் வரும்: "அது பிரெஞ்சு படிக்கிறவங்க இடம்", "வெளிநாட்டுக்காரங்கதான் போவாங்க", "நமக்கு என்ன புரியப் போவுது?"

மூன்றும் தவறு. மொழி வகுப்பு அந்த நிறுவனத்தின் ஒரு வேலை. கலை நிகழ்ச்சிகள் இன்னொரு வேலை. அவை ஊருக்காக நடப்பவை. பெரும்பாலான திரையிடல்களுக்கும் கண்காட்சிகளுக்கும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. உலகத்துக் கலையைத் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இந்த ஊரில் பணம் தடையாக இருப்பது அரிது. தயக்கம்தான் தடை. அந்தத் தயக்கத்தை உடைத்து, ஒரு கலை மையத்தின் நிரலையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்டு தானே கற்றுக்கொள்வது எப்படி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

வரிசை முக்கியம். சினிமாவில் தொடங்குங்கள், அடுத்து இசை, அதன் பிறகு ஓவியம். சினிமாவுக்கு நேரம் உண்டு, நாற்காலி உண்டு, விளக்கை அணைத்துவிடுவார்கள். பார்ப்பவர் செய்ய வேண்டியது உட்கார்வது மட்டுமே. இசையில் காதுக்குக் கொஞ்சம் வேலை கூடுகிறது. ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது நகர்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் நாளே கண்காட்சிக்குப் போய், ஐந்து நிமிடத்தில் சுற்றிவிட்டு, "நமக்கு ஒத்துவராது" என்று திரும்பியவர்கள் பலர்.

எங்கே என்ன நடக்கிறது

மையப் புள்ளியாக அலியான்ஸை வைத்துக்கொள்ளலாம். வகுப்புகளும் நூலகமும் அரங்கமும் சுஃப்ரேன் வீதியில். கண்காட்சிகளும் சில நிகழ்ச்சிகளும் துய்மா வீதியில் உள்ள மேசோன் கொலம்பானி என்ற பழைய வீட்டில். இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

அதைச் சுற்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை: செயின்ட் லூயிஸ் வீதியில் புதுச்சேரி அருங்காட்சியகமும், 1955 இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும். குருசுக்குப்பத்தில் ஆரோதன் ஓவியக் கூடம். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். அங்கே ஓவியமும் இசையும் நடனமும் பயிலும் மாணவர்களின் படைப்புகளைப் பார்க்கலாம். காலாப்பட்டில் பல்கலைக்கழக நாடகத் துறை. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு இந்திரா பார்த்தசாரதி தலைமை வகித்தார். ஊருக்கு வடக்கே ஆரோவில்லில் சினிமா பாரதிசோவின் வாராந்திரத் திரையிடல்கள், பாரத் நிவாஸின் கலா கேந்திரா கண்காட்சிகள்.

இத்தனையையும் ஒரே மாதத்தில் முடிக்க நினைக்காதீர்கள்.

நிரலைப் படிக்கும் முறை

1. மாதத் தொடக்கத்தில் மையத்துக்கு நேரில் போய் வரவேற்பில் நிரலைக் கேட்டு வாங்குங்கள். இணையத்திலும் சமூக ஊடகத்திலும் வெளியிடுவார்கள் என்றாலும் முதல் முறை நேரில் போவது நல்லது. அரங்கு எங்கே, கழிப்பறை எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் பகலிலேயே தெரிந்துவிடும்.

2. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான்கு விவரங்களைக் குறியுங்கள்: இடம், மொழி, வசன வரி எந்த மொழியில், அனுமதி இலவசமா சீட்டா.

3. தேதியோடு ஓடுவதை, சில வாரங்கள் தங்குவதிலிருந்து பிரியுங்கள். படமும் கச்சேரியும் அன்றோடு முடிந்துவிடும். கண்காட்சி சில நாட்களாவது இருக்கும். முதல் வகையை நாட்காட்டியில் குறித்துவிட்டு, இரண்டாவதை அதற்கு நடுவே செருகுங்கள்.

4. கண்காட்சி என்றால் திறப்பு விழா நாளைத் தனியாகக் குறியுங்கள். அன்று கலைஞர் நேரில் இருப்பார், பேசலாம். ஆனால் கூட்டத்தில் படத்தைப் பார்க்க முடியாது. ஆகவே ஒரே கண்காட்சிக்கு இரண்டு முறை போக வேண்டும்: பேச ஒரு முறை, பார்க்க ஒரு முறை.

குறிப்பு: தொலைபேசியில் விசாரிக்கும்போது "எல்லாரும் வரலாமா?" என்று கேட்பதைவிட "சீட்டு வேண்டுமா, எத்தனை மணிக்குக் கதவு திறக்கும்?" என்று கேளுங்கள். தேவையான பதில் உடனே கிடைக்கும்.

சினிமா: முதல் திரையிடல்

புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் ஒரு இந்தியத் திரைப்பட விழா நடத்துகிறது. செய்தி விளம்பரத் துறை, நவதர்ஷன் திரைப்படக் கழகம், அலியான்ஸ் ஆகியவை சேர்ந்து நடத்தும் விழா இது. பெரும்பாலும் அலியான்ஸ் அரங்கில் நடக்கும். சிறந்த படத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது தருகிறார்கள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியரான அவர் 1922 இல் காலமானது இந்த ஊரில்தான். நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த விழாவைவிட நல்ல வாசல் இல்லை. தமிழ், மலையாளம், வங்காளம் என்று நம் மொழிப் படங்களே திரையில் வரும். அரங்கு பழகிவிடும், மறுபடி வரத் தயக்கம் இருக்காது.

அடுத்தது பிரெஞ்சுப் படங்கள். இங்கே வசனம்தான் சுவர் என்று பலர் நினைப்பதால், வசனம் குறைந்த படங்களில் தொடங்குவது நல்லது. நிரலில் கீழ்க்கண்ட படங்கள் வந்தால் இதே வரிசையில் பாருங்கள்:

1. ஆல்பெர் லமோரிஸின் 'சிவப்பு பலூன்' (1956). 34 நிமிடம். பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஒரு பலூன் போகிறது. பேச்சு ஏறக்குறைய இல்லை. மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கார் இதற்குக் கிடைத்தது. ஏழு வயதுக் குழந்தையும் பாட்டியும் சேர்ந்து பார்க்கலாம்.

2. ஷாக் தாத்தியின் 'என் மாமா' (1958). ஓசைகளைக் கேளுங்கள். சிரிப்பு வருவது பேச்சிலிருந்து அல்ல, செருப்புச் சத்தத்திலிருந்தும் கதவுச் சத்தத்திலிருந்தும்.

3. பிரான்சுவா த்ருஃபோவின் '400 அடிகள்' (1959). இப்போது வசனம் உண்டு, கதையும் உண்டு. பள்ளியிலும் வீட்டிலும் யாருக்கும் வேண்டாதவனாகிப்போன ஒரு பையனின் கதை. கடைசிக் காட்சியில் கேமரா எவ்வளவு நேரம் வெட்டாமல் அவனோடு ஓடுகிறது என்று கவனியுங்கள்.

4. ஆன்யெஸ் வர்தாவின் 'க்ளியோ: 5 முதல் 7 வரை' (1962). மருத்துவச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பாடகியின் ஒரு மாலை.

இதற்குப் பிறகு லூயி மாலின் 'மாய இந்தியா' என்ற ஏழு பகுதி ஆவணப்படம் (1969) எப்போதாவது திரையிடப்பட்டால் விட்டுவிடாதீர்கள். சென்னையைப் பற்றிய பகுதியில் கபாலீசுவரர் கோயில் தேர் ஓடுகிறது, கலாக்ஷேத்திரா வருகிறது, 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பே வருகிறது. வெளியூர்க் கண் நம்மை எங்கே சரியாகப் பார்த்திருக்கிறது, எங்கே தவறவிட்டிருக்கிறது என்று எடைபோடத் தமிழ்ப் பார்வையாளரால் முடியும். பாரிஸில் பார்ப்பவரால் அது முடியாது.

அரங்கில் செய்ய வேண்டியவை:

1. பத்து நிமிடம் முன்பே உட்காருங்கள். நடு வரிசை, அல்லது அதற்குப் பின்னால். முதல் வரிசையில் உட்கார்ந்தால் வசன வரியைப் படிக்கக் கண் கீழே போய்விடும், படம் தப்பிவிடும்.

2. வசன வரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் தடுமாறுபவர்கள் கதைச் சுருக்கத்தை முன்பே தமிழில் சொல்லக் கேட்டுவிட்டு வரலாம். கதை தெரிந்தால் சுவை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ராமாயணம் தெரிந்தவர்கள்தான் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள்.

3. ஒரு படத்துக்கு ஒரு கேள்வியோடு போங்கள். "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" அல்லது "பின்னணி இசை எப்போது நிற்கிறது?" ஒன்று போதும்.

4. படம் முடிந்ததும் கலந்துரையாடல் இருந்தால் இருங்கள். கேள்வியைத் தமிழில் கேட்கலாம். புதுச்சேரி அரங்கில் தமிழ் தெரிந்த ஒருவராவது மொழிபெயர்க்க இருப்பார்.

அடிக்கடி நேரும் தவறு: பிடிக்காத படத்திலிருந்து பதினைந்தாவது நிமிடம் எழுந்து போவது. மெதுவாகத் தொடங்கும் படங்கள் பல தம் விதிகளைச் சொல்லிக்கொடுக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. அரை மணி நேரம் கொடுங்கள். அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால் ஓசைப்படாமல் எழுந்து போவது தவறில்லை.

இசை: ஜூன் 21 ஐக் குறித்துக்கொள்ளுங்கள்

ஃபேத் த லா மியூசிக் என்ற இசைத் திருவிழாவை 1982 இல் பிரான்சில் தொடங்கினார்கள். பண்பாட்டு அமைச்சர் ஷாக் லாங், இசைத் துறைப் பொறுப்பில் இருந்த மொரீஸ் ஃப்ளரே ஆகிய இருவரின் யோசனை அது. பிரான்சின் இளையோரில் இருவருக்கு ஒருவர் ஏதோ ஒரு கருவியை வாசிக்கிறார் என்று ஓர் ஆய்வு சொன்னது. அப்படியானால் அவர்களெல்லாம் தெருவுக்கு வரட்டும் என்று நீண்ட பகல் கொண்ட ஜூன் 21 ஐத் தேர்ந்தெடுத்தார்கள். கேட்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. தொழில்முறைக் கலைஞரும் கற்றுக்குட்டியும் ஒரே நாளில் வாசிப்பார்கள்.

புதுச்சேரியிலும் அலியான்ஸ் இதை நடத்துகிறது. தேதி சில ஆண்டுகளில் பக்கத்து வார இறுதிக்கு மாறும். கிடார் பழகும் கல்லூரி மாணவர், வீட்டில் வீணை வாசிக்கும் அக்கா, பறை அடிக்கும் குழு என யாரும் விண்ணப்பிக்கலாமா என்று மே மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஜூன் நடுவில் போனால் மேடை நேரம் நிரம்பியிருக்கும்.

கேட்கப் போகிறவர்களுக்கு:

1. ஒரு கருவியைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் பின்தொடருங்கள். ஜாஸ் குழு என்றால் டபுள் பாஸ். எல்லாரும் சாக்ஸபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாட்டைத் தாங்குவது அந்தப் பெரிய நரம்புக் கருவி.

2. ஜாஸில் முதலில் மெட்டு வரும். பிறகு ஒவ்வொருவராகத் தம் கற்பனையை வாசிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். கல்பனாஸ்வரம் பாடிவிட்டுப் பல்லவிக்குத் திரும்புவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அன்னியமே இல்லை. ஒவ்வொருவர் முறை முடிந்ததும் கைதட்டுவது அங்கே வழக்கம்.

3. மேற்கத்திய செவ்வியல் கச்சேரியில் அப்படி இல்லை. ஒரு படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக இருக்கும். நடுவில் இசை நிற்கும்போது தட்டாமல், வாசிப்பவர் கையைத் தாழ்த்தி அவையைப் பார்க்கும்வரை பொறுங்கள். எத்தனை பகுதி என்பதை நிரலில் முன்பே எண்ணிவைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

4. வீட்டுக்கு வந்ததும் கேட்ட கலைஞரின் பெயரையும் கருவியின் பெயரையும் எழுதுங்கள். மறுநாள் அந்தக் கருவியில் வேறொருவர் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். கச்சேரியைவிட இந்த இரண்டாவது கேட்பில்தான் அதிகம் பிடிபடும்.

காதைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்று கணக்கு. 100 டெசிபலுக்கு அது 15 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. ராக் குழுவின் ஒலிபெருக்கிக்கு அருகே 100 ஐத் தொடுவது சாதாரணம். பெட்டிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். கைக்குழந்தையை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் பத்திரமானது, விலையும் குறைவு.

ஓவியம், சிற்பம், ஒளிப்படம்: நிற்கப் பழகுதல்

கூடத்துக்குள் போகும் முன் வெளியில் பயிற்சி எடுக்கலாம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஆயிரம் முறை அந்த வழியே நடந்தவர்கள்கூடத் தூணின் வேலைப்பாட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். காலை 6 மணிக்குப் போங்கள். ஒரே ஒரு தூண், பத்து நிமிடம். அடியிலிருந்து உச்சிவரை பாருங்கள், ஒரு முறை சுற்றிவாருங்கள், நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இதைச் செய்தவருக்கு எந்தக் கண்காட்சியும் பயமுறுத்தாது.

அடுத்து அருங்காட்சியகம். அங்குள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன் நிற்கும்போது ஒரே ஒரு தொழில்நுட்பச் செய்தி தெரிந்தால் போதும்: உருவத்தை முதலில் மெழுகில் செய்து, அதன்மேல் மண் பூசிச் சூடாக்கி, உருகிய மெழுகை வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உருவத்தை எடுக்க மண் அச்சை உடைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு திருமேனியும் ஒரே ஒரு முறை பிறந்தது. விரல் நுனியின் வளைவு மெழுகில் இழைக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு பார்வை மாறும். அதே கட்டடத்தில் அரிக்கமேட்டு அகழாய்வுப் பொருட்களும் இருக்கின்றன.

இப்போது மேசோன் கொலம்பானிக்கோ ஆரோதனுக்கோ போகலாம்.

1. முதல் சுற்று வேகமாக. பெயர்ப் பலகை எதையும் படிக்காதீர்கள். கால் தானாக எங்கே நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அந்த ஒரு படத்துக்குத் திரும்பி வாருங்கள். மூன்று அடி தூரத்தில் சில நிமிடம், பத்தடி தூரத்தில் சில நிமிடம்.

3. சிறு நோட்டில் பென்சிலால் படத்தின் பெரிய வடிவங்களை மட்டும் கோடாகப் போடுங்கள். வரையத் தெரிய வேண்டியதில்லை. கை போகும்போதுதான் கண் உண்மையாகப் பார்க்கிறது. பேனா வேண்டாம், மை சிந்தினால் கூடத்துக்கு ஆபத்து.

4. இதற்குப் பிறகு பெயர்ப் பலகையைப் படியுங்கள். தலைப்பு நீங்கள் பார்த்ததோடு மோதினால் நல்லது. கலைஞரிடமோ கூடத்தின் பொறுப்பாளரிடமோ கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது.

5. வெளியேறும் முன் விருந்தினர் ஏட்டில் தமிழில் எழுதுங்கள். "அருமை" என்பதைவிட, எந்தப் படம், ஏன் என்று இரண்டு வரி எழுதினால் கலைஞருக்கு அது பயன்படும்.

ஒளிப்படத்தில் ஆர்வம் கொண்டவர்கள் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை மறக்கக் கூடாது. தென்னிந்தியக் கோயில்களின் ஒளிப்படங்கள் அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உள்ளன. தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் திரட்டி எண்மப்படுத்தும் பணியும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நடந்தது. தொகுப்பைப் பார்க்க விரும்புவோர், எதைத் தேடுகிறார்கள் என்று எழுதி முன்அனுமதி பெற வேண்டும். உங்கள் குலதெய்வக் கோயில் கோபுரம் அறுபது ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பது நல்ல தேடல்.

தவறு: கைபேசியில் எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. பிறகு யாரும் பார்ப்பதில்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் அனுமதி கேளுங்கள், ஃபிளாஷை அணையுங்கள். துணி ஓவியத்தையும் காகிதத்தையும் விரலால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பும் எண்ணெயும் தங்கிவிடும், நம் கடற்கரை ஈரத்தில் அந்தக் கறை வேகமாகப் பரவும்.

பார்ப்பதிலிருந்து செய்வதற்கு

சில மாதம் பார்த்தவருக்குக் கை பரபரக்கும். இங்கே வழி உண்டு. வீணாபாணி சாவ்லா 1981 இல் மும்பையில் தொடங்கி 1993 இல் புதுச்சேரிப் பகுதிக்குக் கொண்டுவந்த ஆதிசக்தி, நடிப்புப் பயிலரங்குகள் நடத்துகிறது. நாடக விழாவும் நடத்துகிறது. குமரன் வளவன் 2007 இல் உருவாக்கிய இந்தியநாஸ்ட்ரம் குழு, ரோமன் ரோலண்ட் வீதியில் பாத்தே சினிமாக் கொட்டகையாக இருந்த கட்டடத்தில் பல நாடகங்களை மேடையேற்றியது. பாரிஸின் தியாத்ர் து சொலெய் குழு புதுச்சேரிக்கு வந்து பயிலரங்கு நடத்தியதும், புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரானிடம் தெருக்கூத்து கற்றுத் தங்கள் நாடகத்தில் சேர்த்ததும் அண்மைக் கால வரலாறு. குழந்தைகளுக்கு ஆரோவில்லின் ஸ்வரம் இசைக்கருவிப் பட்டறை பொருத்தமானது. கருவிகளைத் தொட்டு வாசித்துப் பார்க்கலாம்.

பயிலரங்கில் சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: நாள் முழுவதுமா சில மணி நேரமா, எந்த மொழியில், பாதியில் விலகினால் கட்டணம் திரும்புமா.

பாதுகாப்பு

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். வண்டியை உள்வீதிகளில், வீட்டு வாசலை மறைக்காமல் நிறுத்தி, விளக்குக் கம்பத்தின் அருகே பூட்டுங்கள்.

ஆரோவில் நிகழ்ச்சிக்கு இரவில் இருசக்கர வண்டியில் போவது கவனம் கேட்கும் வேலை. செம்மண் பாதைகளில் பல இடங்களில் விளக்கு இல்லை. மழைக்குப் பிறகு சறுக்கும். திருப்பங்களில் மாடும் நாயும் நிற்கும். ஹெல்மெட் போடுங்கள், இருவராகப் போங்கள், பகலில் ஒரு முறை வழியைப் பார்த்துவையுங்கள். சினிமா பாரதிசோவில் விருந்தினருக்கு இடம் உண்டா என்பதை அன்றே உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி நிகழ்ச்சி எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் எந்தக் கச்சேரிக்காகவும் கடற்கரைப் பக்கம் போக வேண்டாம்.

அரங்கில் உட்கார்ந்ததும் வெளியேறும் வழிகளைப் பார்த்துவையுங்கள். பழைய வீடுகளை மாற்றியமைத்த இடங்களில் படிகள் குறுகலாகவும் உயரமாகவும் இருக்கக்கூடும். முதியவரை அழைத்துப்போனால் ஓர நாற்காலி. வயது வரம்பு உள்ள படத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள்; விழாக் காலத்தில் கூட்டத்தோடு உள்ளே போய்விடுவது எளிது என்பதால் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம்: இரண்டு படங்கள், கடற்கரைத் தூண் ஒன்று. இரண்டாம் மாதம்: ஒரு படம், ஒரு கச்சேரி, அருங்காட்சியகம். மூன்றாம் மாதம்: ஒரு கச்சேரி, ஒரே கண்காட்சிக்கு இரண்டு முறை, ஒரு நாடகம். இதற்குமேல் சேர்த்தால் சோர்வு வரும், சோர்ந்தவர் நான்காம் மாதம் வருவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் வாய்ப்பு வந்தால், 1966 இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் இரண்டு மணி நேரம் இறங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்து கருத்துப் படிவம் கொடுத்தால், அல்லது பொறுப்பாளரைப் பார்த்தால், ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் தமிழில் ஓர் அறிமுகம். கேட்பவர்கள் கூடினால் எந்த மையமும் செய்யும். அந்த ஐந்து நிமிடம் இருந்தால் முத்தியால்பேட்டையிலிருந்தும் முதலியார்பேட்டையிலிருந்தும் இன்னும் நூறு பேர் வருவார்கள். அவர்களில் ஒருவரை அடுத்த முறை நீங்களே கூட்டிப்போங்கள்.